மறுக்கும் உரிமையும் பெறும் உரிமையும்: உடல் மாற்றுத்திறனாளிப் பெண்களின் இனப்பெருக்க நலம்

கால்களை இயக்க முடியாத ஒரு பெண் கருத்தடை கேட்டோ, கருவுற்றோ, கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்காகவோ மருத்துவமனைக்குப் போகிறாள். அவளுக்கு உரிய கவனிப்பு கிடைக்காமல் தடுப்பது எது? கடந்த நூறு ஆண்டுகளில் இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவளுடைய மரபணு என்றது ஒரு காலம். அவளுடைய உடல் என்றது மருத்துவம். கட்டடம் என்றது மாற்றுத்திறனாளிகள் இயக்கம். மருத்துவரின் மனம் என்றனர் பெண்ணியர். சட்டத்தின் போதாமை என்றனர் வழக்கறிஞர்கள். ஒவ்வொரு விடையும் முந்தையதன் குறையைக் கண்டு எழுந்தது. ஆனால் முந்தையது எதுவும் முற்றாக மறைந்துவிடவில்லை.

இந்த விடைகளை இந்தியச் சூழலை நடுவில் வைத்து வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். போலியோ, முதுகுத்தண்டுக் காயம், தசைச் சிதைவு, கை கால் இழப்பு போன்ற உடலியக்கக் குறைபாடுகளே இங்கு பேசப்படுகின்றன. அறிவுத்திறன் குறைபாடு தனி ஆய்வுக்குரியது. எனினும் சட்ட வரலாறு இரண்டையும் பிணைத்திருப்பதால் தேவையான இடங்களில் மட்டும் அது தொடப்படுகிறது.

எத்தனை பேரின் கேள்வி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். இது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. அவர்களில் பெண்கள் ஏறத்தாழ 1.18 கோடி. மொத்தத்தில் ஐந்தில் ஒருவருக்கு உடலியக்கக் குறைபாடு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையோ உலக மக்களில் 16 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக மதிப்பிடுகிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் கேள்வி கேட்கும் முறையும் ஒரு காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. "வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா?" என்று கேட்டால் குடும்பம் தயங்கும், குறிப்பாக மணமாகாத பெண் இருக்கும் வீடு. "நடப்பதில், படியேறுவதில் சிரமம் உண்டா?" என்று செயல்பாட்டை வைத்துக் கேட்டால் விடை வேறாக வரும்.

இந்தக் கூட்டத்தின் உள்ளமைப்பும் மாறிவருகிறது. இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் கடைசியாகப் பாதிக்கப்பட்டவர் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. ஆகவே போலியோவால் பாதிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் இன்று மகப்பேற்று வயதின் பிற்பகுதியிலோ அதைக் கடந்தோ இருக்கிறார்கள். அவர்களுடைய தேவை பிரசவ அறையிலிருந்து மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்மானம், புற்றுநோய்ச் சோதனை ஆகியவற்றை நோக்கி நகர்கிறது. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட இளம்பெண்களின் தேவைகள் வேறு. ஒரே திட்டம் இரு தரப்புக்கும் பொருந்தாது.

முதல் விடை: மரபு

குறைபாடுள்ளவர்கள் பிள்ளை பெறுவது சமூகத்துக்குச் சுமை என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிவியல் என்ற பெயரில் உலவியது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927இல் பக் எதிர் பெல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் இத்தகைய சட்டத்தை ஏற்றது. ஜெர்மனியின் 1933ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பார்வையின்மை, செவித்திறனின்மை ஆகியவற்றோடு கடுமையான பரம்பரை உடற்குறையையும் பட்டியலில் சேர்த்தது. அச்சட்டத்தின்கீழ் சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. ஜப்பானில் 1948இல் வந்த சட்டம் 1996 வரை நீடித்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில்தான்.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. ஆனால் 1920, 30களின் குடும்பக் கட்டுப்பாட்டு விவாதங்களில் இந்தக் குரல் இருந்தது. சென்னையில் 1928இல் நியோ மால்தூசியன் சங்கம் தோன்றிய காலத்தில் கருத்தடைக்கு ஆதரவாகப் பல வாதங்கள் முன்வைக்கப்பட்டன. வறுமையைக் குறைக்க, தாயின் உடல்நலம் காக்க, 'நல்ல' சந்ததியைப் பெருக்க என்பவை அவற்றுள் சில. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடையை வலியுறுத்தியது தனித்துக் குறிப்பிடத்தக்கது.

இந்த விடையின் அறிவியல் பிழை எளிதில் புலப்படுவது. போலியோவும் விபத்துக் காயமும் மரபு வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை. மரபுவழி நோய்களிலும் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு விகிதம் வேறு. அதை ஆலோசனையாகச் சொல்லலாம், ஆணையாக அல்ல. ஆயினும் சட்டமாக வராத கருத்து செயலாக வந்ததுண்டு. 1994இல் புணேயில், ஷிரூர் அரசுக் காப்பகத்திலிருந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டது நாடு தழுவிய எதிர்ப்பைக் கிளப்பியது. அப்போது நிர்வாகத் தரப்பு மரபைப் பற்றிப் பேசவில்லை, மாதவிடாய்க் காலச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசியது. பழைய முடிவு புதிய காரணத்தோடு வரக்கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் விடை: உடல்

மருத்துவ நோக்கு, தடை அவள் உடலில் இருக்கிறது, ஆபத்து அதிகம், ஆகவே தவிர்ப்பதே நல்லது என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. முதுகுத்தண்டில் ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்ற பெண்ணுக்குப் பிரசவ வலியின்போது இரத்த அழுத்தம் திடீரென எகிறும் ஒரு தன்னியக்க நரம்பு எதிர்வினை வரலாம். அதை மகப்பேற்று இரத்தக் கொதிப்பு என்று தவறாக எண்ணினால் சிகிச்சை திசைமாறும். பத்தாவது முள்ளெலும்புக்கு மேல் முழுக் காயம் இருந்தால் வலி தெரியாமலே பிரசவம் தொடங்கிவிடக்கூடும். சிறுநீர்ப் பாதைத் தொற்று, படுக்கைப் புண், கால் சிரையில் இரத்தக் கட்டு ஆகியவையும் கவனிக்கப்பட வேண்டியவை. முதுகு வளைந்தவர்களுக்கு மூச்சுத் திறன், தண்டுவட மயக்க ஊசி போடுவதில் உள்ள சிரமம் ஆகியவை சேரும். அசைவு குறைந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பரிந்துரைக்கும் முன் இரத்தக் கட்டு அபாயத்தைக் கணக்கிட வேண்டும்.

ஆனால் இதே மருத்துவ அறிவு எதிர்த்திசையிலும் பேசுகிறது. முதுகுத்தண்டுக் காயத்துக்குப் பின் சில மாதங்கள் மாதவிடாய் நின்றாலும் பெரும்பாலான பெண்களுக்குக் கருவுறும் திறன் திரும்பிவிடுகிறது. கால்கள் செயலிழந்தது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. மறுபுறம், அமெரிக்காவில் ஏறத்தாழ 2.23 லட்சம் பிரசவங்களின் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, குறைபாடுள்ள பெண்களிடையே மகப்பேற்று மரண அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 11 மடங்கு என்று காட்டியது. இந்த எண்ணைக் கவனமாகவே கையாள வேண்டும். அந்த ஆய்வு உடல், புலன், அறிவுத்திறன் குறைபாடுகளை ஒன்றாகச் சேர்த்தது. மரணங்கள் அரிதானவை என்பதால் மடங்குக் கணக்கு எளிதில் ஏறியிறங்கும். அதைவிட முக்கியமாக, அபாயத்தில் எவ்வளவு உடலால் வந்தது, எவ்வளவு தாமதமான, அரைகுறையான கவனிப்பால் வந்தது என்று இத்தகைய எண்ணால் பிரித்துச் சொல்ல இயலாது. மருத்துவ விடையின் அடிப்படைப் பலவீனம் இதுவே: கவனிப்பின் குறையை உடலின் குறையாகக் கணக்கில் எழுதிவிடும் வாய்ப்பு அதில் எப்போதும் உண்டு.

மூன்றாம் விடை: கட்டடமும் கருவியும்

1976இல் பிரிட்டனில் உடற்குறையுள்ளோர் அமைப்பு ஒன்று முன்வைத்த கருத்தை 1980களில் மைக் ஆலிவர் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டு வளர்த்தார். ஒருவரை முடக்குவது உடல் அன்று, அவருக்கு இடமில்லாமல் அமைக்கப்பட்ட உலகமே என்பது அதன் சாரம். இனப்பெருக்க நலத்தில் இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. நிலையான உயரமுள்ள பரிசோதனை மேசை சக்கர நாற்காலியின் இருக்கையைவிடக் கணிசமாக உயரம். அதில் ஏற ஆட்கள் தூக்க வேண்டும், இல்லையேல் சோதனையே நடக்காது. நின்று எடை பார்க்கும் இயந்திரத்தில் நிற்க முடியாதவருக்குக் கர்ப்ப கால எடை பதிவாகாது. மார்பகப் புற்றுநோய் எக்ஸ்ரே கருவிகள் பலவும் நிற்பவருக்கென்றே அமைந்தவை. கழிப்பறைக் கதவு குறுகலாக இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வழியில்லை.

இந்தியாவில் 2015 டிசம்பரில் அணுகத்தகு இந்தியா இயக்கம் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையற்ற அணுகலைக் கோருகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.

கட்டட விடையின் குறை, அது பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுவது. சாய்தளமும் மின்தூக்கியும் கண்ணுக்குத் தெரிபவை, புகைப்படத்துக்கு உகந்தவை. பரிசோதனை மேசையின் உயரம் தணிக்கைப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. அமெரிக்காவின் அணுகல் வாரியம் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனித் தரங்களை 2017இல் வெளியிட்டது. மேசை தாழ வேண்டிய அளவை 17 அங்குலம் என்று 2024இல் உறுதிசெய்தது. வாசலிலிருந்து மேசைக்கு விவாதத்தை நகர்த்தியதே அதன் பயன்.

கருவி மாறாமலும் சில தீர்வுகள் உண்டு. ஹெச்பிவி கிருமிக்கான மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளும் முறை, காலை விரித்துப் படுக்க முடியாதவர்களுக்குக் கருப்பைவாய்ச் சோதனையை எளிதாக்கக்கூடியது. இந்தியாவின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயது கடந்த பெண்களுக்கான சோதனை பெரிதும் அமிலத் தடவல் முறையைச் சார்ந்தது. அதற்கு மேசையில் படுத்தே ஆக வேண்டும்.

நான்காம் விடை: பார்வை

சாய்தளம் இருந்தும் "உனக்கெதற்கு இதெல்லாம்?" என்ற கேள்வி காத்திருந்தால் என்ன பயன் என்று கேட்டவர்கள் மாற்றுத்திறனாளிப் பெண்ணியர். அமெரிக்காவில் மிஷல் ஃபைனும் ஏட்ரியன் ஆஷும் 1988இலும், பிரிட்டனில் ஜென்னி மாரிஸ் 1991இலும், இந்தியாவில் அனிதா கய் 2003இலும் வெளியிட்ட நூல்கள் இந்த வாதத்தை வளர்த்தன. அவர்களின் குற்றச்சாட்டு இரு பக்கமும் வெட்டுவது. மாற்றுத்திறனாளிகள் இயக்கம் பெண்ணின் உடலை மறந்தது, பெண்கள் இயக்கம் மாற்றுத்திறனாளியை மறந்தது. எல்லாப் பெண்களையும் தாய்மைக்குள் தள்ளும் சமூகம், இவர்களை மட்டும் தாய்மையிலிருந்து வெளியே நிறுத்துகிறது.

மருத்துவரின் மனநிலையை அளந்த ஆய்வுகள் குறைவு. லிசா ஐசோனி குழுவினர் அமெரிக்க மருத்துவர் 714 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான குறைபாடுள்ளோரின் வாழ்க்கைத் தரம் தாழ்ந்தது என்று 82.4 விழுக்காட்டினர் கருதினர். அவர்களுக்கும் சமமான தரத்தில் சிகிச்சை அளிக்க முடியும் என்று மிகுந்த நம்பிக்கை தெரிவித்தவர்கள் 40.7 விழுக்காட்டினரே. இது மகப்பேறு மருத்துவர்களை மட்டும் பற்றியதன்று. இந்திய மருத்துவர்களுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது.

இந்த விடையின் வரம்பு, மனத்தை மாற்றுவது எப்படி என்பதற்குத் தெளிவான வழி காட்டாதது. ஒருநாள் பயிற்சி வகுப்பு மனப்பான்மையை மாற்றியதாகக் கேள்வித்தாளில் தெரியலாம். பிரசவ அறையில் அது எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி.

ஐந்தாம் விடை: சட்டம்

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் வந்தது. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி அளித்தது. குடும்பம் அமைப்பது, குழந்தைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் முடிவு செய்வது, கருவுறும் திறனைக் காத்துக்கொள்வது ஆகியவற்றை 23ஆம் உறுப்பு உறுதிசெய்கிறது. இனப்பெருக்க நலம் உட்பட மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான சேவையை 25ஆம் உறுப்பு கோருகிறது. இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இவை பற்றிப் பேசவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இனப்பெருக்கம், குடும்பநலம் பற்றிய தகவல் கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. ஒப்புதலின்றி மலடாக்கும் மருத்துவச் செயல் எதையும் தடைசெய்கிறது. 92ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான ஒப்புதலின்றிக் கருக்கலைப்புச் செய்வோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆனால் அதே பிரிவு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. 'கடுமையான' குறைபாடு என்றால் மருத்துவரின் கருத்தோடும் பாதுகாவலரின் ஒப்புதலோடும் செய்யலாம். இந்த விலக்கு எதுவரை நீளும் என்பது தெளிவில்லை. 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இனப்பெருக்கத் தெரிவு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பின் தனிமனித உரிமைக்குள் அடங்கும் என்றும், லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்ணின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பிறகு வந்த சட்டம் பாதுகாவலருக்குக் கதவைத் திறந்துவைத்தது இத்தீர்ப்போடு எவ்வாறு பொருந்தும் என்ற விவாதம் தொடர்கிறது.

கருக்கலைப்புச் சட்டத்தின் இரு முகம்

2021ஆம் ஆண்டுத் திருத்தமும் அதன் விதிகளும் சில பெண்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. அந்தப் பட்டியலில் பெரும் உடற்குறையுள்ள பெண்களும் உண்டு. ஆதரிப்போர், போக்குவரத்துத் தடை, துணைக்கு ஆளின்மை, உடல்நிலை காரணமாகக் கர்ப்பம் தாமதமாகத் தெரிதல் ஆகியவற்றால் இவர்களுக்குக் கூடுதல் காலம் நியாயமே என்கின்றனர். எதிர்ப்போர், குறைபாட்டையே காரணமாக எழுதியதால் இவர்களின் கர்ப்பம் கலைக்கப்பட வேண்டியது என்ற எண்ணத்தைச் சட்டம் அங்கீகரிக்கிறது என்கின்றனர். கருவில் பெரும் குறை கண்டால் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு கால வரம்பே இல்லை என்ற விதி இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. இரண்டு வாதங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். குறைபாட்டைக் குறிப்பிடாமல் எல்லாப் பெண்களுக்கும் ஒரே கால அளவைத் தந்தால் இரு தரப்பின் கவலையும் குறையும் என்ற யோசனை கவனிக்கத்தக்கது.

பணமும் துணையும்

1994இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் முன்வைத்த 'இனப்பெருக்க நீதி' என்ற சட்டகம் பிள்ளை பெற, பெறாமலிருக்க, பெற்றதை வளர்க்க என மூன்று உரிமைகளைச் சேர்த்துப் பேசியது. காகிதத்தில் உள்ள தெரிவு, பணமும் துணையும் இல்லாதவருக்குத் தெரிவே அன்று என்பது அதன் வாதம். தேசிய குடும்பநல ஆய்வின் (2019-21) படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. இத்தகைய மாநிலத்தில் நிலையத்தின் வாசலே எல்லாம். பேருந்தில் ஏற முடியாதவர் ஒவ்வொரு மாதச் சோதனைக்கும் ஆட்டோவுக்குச் செலவிட வேண்டும். உடன் வருபவர் ஒருநாள் கூலியை இழப்பார். மாற்றுத்திறனாளிகளை மணப்போருக்குத் தமிழக அரசு திருமண நிதியுதவி தருகிறது. மணத்தை ஊக்குவிக்கும் அரசு, அடுத்து வரும் மகப்பேற்றுக்கும் அதே அக்கறையோடு திட்டமிட்டதா என்பது கேட்கத்தக்கது.

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. போரில் காயமுற்ற பெண்கள் பலர் வாழும் இலங்கையின் வடக்கு கிழக்கில், கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் குடும்பநல மருத்துவமாதர் முறை முன்பே வேரூன்றியது. வீட்டுச் சேவை பயனுள்ளதுதான். ஆனால் மருத்துவமனையைச் சீர்திருத்தாமல் இருப்பதற்கு அது சாக்காகிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

மதிப்பீடு

இந்த விடைகளை அருகருகே வைத்தால் ஒரு சமனின்மை தெரிகிறது. வேண்டாததை மறுக்கும் உரிமைக்கு, அதாவது கட்டாயக் கருத்தடைக்கும் கட்டாயக் கருக்கலைப்புக்கும் எதிரான காப்புக்கு, சட்டத்தில் வெளிப்படையான தடை உண்டு, கட்டாயக் கருக்கலைப்புக்குத் தனித் தண்டனைப் பிரிவும் உண்டு. வேண்டியதைப் பெறும் உரிமைக்கு, அதாவது தாழும் மேசைக்கும், பயிற்சி பெற்ற செவிலியருக்கும், மகப்பேறு மருத்துவரும் மறுவாழ்வு மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் முறைக்கும், கடமை எழுதப்பட்டிருக்கிறதே தவிர, தவறினால் இன்ன விளைவு என்று திட்டமாக இல்லை. முன்னது போராடிப் பெற்ற வெற்றி, குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. பின்னது இன்னும் பெரும்பாலும் மருத்துவமனைத் தலைவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கெனச் சில சிறப்பு மையங்கள் அமைப்பதா, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களையும் மாற்றுவதா? முதலாவது திறமையைக் குவிக்கும், ஆனால் தொலைவைக் கூட்டும். இரண்டாவது நியாயமானது, ஆனால் மெதுவானது. பாதுகாவலர் ஒப்புதல் விலக்கை நீக்குவதா, எல்லை வகுப்பதா? அபாயத்தில் உடலின் பங்கு எவ்வளவு, கவனிப்பின் பங்கு எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு இந்தியாவில் விடை காண முடியாமல் இருப்பதற்குக் காரணம் எளியது: நாம் எண்ணவில்லை. 2019-21 குடும்பநல ஆய்வில் குறைபாடு பற்றிய கேள்வி சேர்க்கப்பட்டது. அடுத்த சுற்றில் அது நீக்கப்பட்டதாக 2023இல் செய்தி வந்தபோது மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்தன. அந்தக் கேள்வி ஆய்வுக்குள் திரும்ப வர வேண்டும். கர்ப்பப் பதிவிலும் மகப்பேற்று மரணத் தணிக்கையிலும் செயல்பாட்டுச் சிரமம் பற்றிய ஒரு வரி சேர வேண்டும். அதற்குப் பெரும் செலவில்லை. அது இல்லாதவரை, மேற்சொன்ன விடைகளில் எது எவ்வளவு சரி என்பது கருத்தாகவே நிற்கும், முடிவாகாது.